இரண்டு நாள் தஞ்சாவூர்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பள்ளிபாளையம் பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட 'தஞ்சாவூருக்கு' என்று பதில் சொல்லும். அந்தத் தண்ணீர் போகிற ஊரை ஒருமுறையாவது போய்ப் பார்த்தவர்களை எண்ணினால் அவ்வளவு பேர் தேற மாட்டார்கள். காரணம் தூரம் அல்ல. ஈரோட்டிலிருந்து ரயிலில் சுமார் 190 கிலோமீட்டர்தான். காலையில் ஏறினால் உச்சிப்பொழுதுக்கு முன்பின்னாகப் போய் இறங்கிவிடலாம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், மேட்டில் கரும்போ குச்சிக்கிழங்கோ, வீட்டோரம் நாலு தறி, கட்டுத்தறியில் இரண்டு கறவை. இப்படிப் பிழைக்கிற குடும்பத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் கிளம்புவது லேசான காரியம் அல்ல. பால் கறக்க ஆள் சொல்ல வேண்டும். மோட்டார் போட ஆள் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு லீவு வேண்டும். பெரியவர்களுக்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும். எல்லாம் கூடிவர நாலைந்து வருடம் ஆகிவிடுகிறது. அடுத்த முறை கிளம்பும்போது வீட்டுப் பெரியவர்கள் நடக்கிற நிலையில் இருப்பார்களா என்பதும் தெரியாது.

அதனால்தான் ஒருமுறை கிளம்பும்போது எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வருகிறது. ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பெரிய கோயில், அரண்மனை, கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை, நவகிரகக் கோயில்கள், திருவையாறு, புன்னைநல்லூர், வேளாங்கண்ணி, நாகூர் என்று பட்டியல் நீண்டுவிடும். இரண்டு நாளில் இத்தனையும் வேன் பிடித்து ஓடியவர்கள் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் பார்த்தோம். எதுவும் ஞாபகம் இல்லை."

முதன்முறை போகிறவர்கள் பட்டியலைக் கூட்டுவதைவிடக் குறைப்பதற்குத்தான் யோசிக்க வேண்டும். குறைப்பதற்கு ஒரு அளவுகோல் தேவை. காவிரிக் கரையில் விவசாயம் செய்கிறவர்களுக்கு அந்த அளவுகோல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தண்ணீரும் நெல்லும்தான் அது. தஞ்சாவூரை உண்டாக்கியவை அவை இரண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பார்க்க வேண்டியவை மூன்றே இடங்களில் அடங்கிவிடும்: பெரிய கோயில், அரண்மனை, கல்லணை. இந்த மூன்றும் இரண்டு நாளுக்குச் சரியாக இருக்கும்.

முதலில் கழிக்க வேண்டியவை

நவகிரகக் கோயில்கள் ஒன்பதும் கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் பரவிக் கிடக்கின்றன. ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றிக் காட்டுகிற வண்டிகள் உண்டு. அது வேண்டுதல் உள்ளவர்கள் தனியாகச் செய்ய வேண்டிய பயணம். தஞ்சாவூரோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

கும்பகோணமும் அப்படித்தான். தஞ்சாவூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான் என்று நினைத்துக் கிளம்பினால், அங்கே உள்ள கோயில்களுக்கே ஒரு முழு நாள் போதாது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் பெரிய கோயிலோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னங்கள்தான். ஆனால் முதலில் ஒன்றை நிதானமாகப் பார்த்தவர்களுக்குத்தான் அடுத்த இரண்டும் புரியும். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேளாங்கண்ணிதான் வீட்டில் சண்டை வருகிற இடம். கடலைப் பார்க்காத பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைக் கழிப்பது கஷ்டம். தஞ்சாவூரிலிருந்து அங்கே போக சுமார் 90 கிலோமீட்டர். போக, வர, அங்கே இருக்க என்று ஒரு நாள் முழுதும் போய்விடும். கடல் முக்கியம் என்றால் கடலுக்கே போய் வருவது நல்லது. இரண்டையும் கலந்தால் பிள்ளைகளுக்குக் கடல் மட்டும்தான் மிஞ்சும், பெரியவர்களுக்கு முதுகுவலி மட்டும்தான் மிஞ்சும்.

இடப்பக்க ஜன்னல்

பயணம் தஞ்சாவூரில் ஆரம்பிப்பதாக நினைக்கக் கூடாது. ஈரோட்டில் ரயில் ஏறும்போதே அது ஆரம்பித்துவிடுகிறது. கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன் சதாப்தி ரயில் பகலில் ஈரோடு, கரூர், திருச்சி வழியாகத் தஞ்சாவூர் போகிறது. மன்னார்குடி போகும் செம்மொழி விரைவு ரயில் இதே வழியில் இரவில் போகிறது. தூங்கிக்கொண்டே போகலாம் என்று இரவு ரயிலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பாதிப் பயணத்தை இழக்கிறார்கள். முதன்முறைக்குப் பகல் ரயில்தான் நல்லது. நேரத்தையும் ஓடாத நாளையும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஈரோட்டிலிருந்து திருச்சி வரை ரயில்பாதை காவிரியின் தென்கரையை ஒட்டியே போகிறது. ஆறு இடப்பக்கம் வரும். கொடுமுடி தாண்டி, கரூர் தாண்டி, மாயனூர், குளித்தலைப் பக்கம் வரும்போது ஆறு அகன்று கிடப்பதைப் பார்க்கலாம். அந்தப் பகுதிக்கு அகண்ட காவிரி என்றே பெயர். பள்ளிபாளையத்தில் இரண்டு கரைக்கும் நடுவே கதவணைகளில் தேங்கித் தேங்கி வருகிற அதே ஆறுதான்.

நிலம் மாறுவதும் ஜன்னலிலேயே தெரியும். பாறையும் கரடும் குறைந்துகொண்டே வரும். கிணற்று மேடுகள் மறையும். குளித்தலை தாண்டினால் வாழையும் வாய்க்காலும் கண்ணில் படும். திருச்சி தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரப்பும் வயலும்தான். வெடி வைத்துக் கிணறு தோண்டிய கொங்குச் சீமைக்காரர்களுக்கு இந்த மாற்றம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தெரியும். அதை மனசில் வைத்துக்கொண்டு போனால் பெரிய கோயில் வேறு மாதிரி தெரியும்.

பெரிய கோயில்: கல் இல்லாத ஊரில் ஒரு கல் மலை

மதியம் போய் இறங்கியதும் நேரே கோயிலுக்கு ஓட வேண்டாம். நண்பகலில் கருவறை சாத்தியிருக்கும். செருப்பில்லாமல் நடக்க வேண்டிய அந்தக் கல்தரை வெயிலில் அடுப்பாகச் சுடும். பெரியவர்களும் குழந்தைகளும் ஒரு சுற்றுகூடச் சுற்ற முடியாமல் நிழலில் ஒதுங்கிவிடுவார்கள். சாப்பிட்டு, அறையில் இரண்டு மணி நேரம் சாய்ந்து, நாலு மணிக்கு மேல் போனால் இருட்டும் வரை இருக்கலாம். மறுநாள் விடிகாலையில் இன்னொரு முறை போய் ஒரு மணி நேரம் உட்காரலாம். ஒரே கோயிலுக்கு இரண்டு முறையா என்று தோன்றும். வெயில் சாயும்போது ஒரு நிறத்திலும் காலையில் வேறொரு நிறத்திலும் அந்தக் கல் இருப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. உள்ளே போகக் கட்டணமும் கிடையாது.

கோயிலை முதலாம் ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தான். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. நன்றாக வளர்ந்த தென்னை மரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாது. அத்தனையும் கருங்கல். தஞ்சாவூரைச் சுற்றிப் பாறை கிடையாது. வண்டல் மண்தான். ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து கொண்டுவந்ததுதான். கிணற்றிலிருந்து உடைத்த கல்லை மேலே ஏற்றக் கஷ்டப்பட்டவர்களுக்கு, இத்தனை கல்லை இழுத்துவந்து இத்தனை உயரத்துக்கு ஏற்ற எத்தனை ஆளும் மாடும் உழைத்திருக்கும், அவற்றுக்குத் தீனி போட எவ்வளவு நெல்லும் வைக்கோலும் வேண்டியிருந்திருக்கும் என்று உடனே கணக்கு ஓடும். அந்த நெல் எங்கிருந்து வந்தது என்பதற்கான பதிலைத்தான் மறுநாள் கல்லணையில் பார்க்கப் போகிறார்கள்.

கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. மாலையில் போகிறவர்கள் பிள்ளைகளையே தேடச் சொல்லலாம். நிழல் நன்றாக விழுகிறது. இல்லாத அதிசயத்தைச் சொல்லித்தான் அந்தக் கோயிலைப் பெரிதாக்க வேண்டும் என்பதில்லை.

உண்மையான அதிசயம் கீழே, கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் வரிவரியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இந்தக் கோயிலைக் கட்டியவர் ராஜராஜன்தான் என்பதே, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் அறிஞர் ஹுல்ஷ் இந்தக் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் உறுதியானது. அரசன் கொடுத்தது, அவனுடைய அக்கா குந்தவை கொடுத்தது, அரசிகள் கொடுத்தது, அதிகாரிகளும் மற்றவர்களும் கொடுத்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

விவசாயிகள் படித்தால் இதில் பாதி சொந்த வீட்டுக் கணக்குப் போல இருக்கும். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டவர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு அவரிடமே இருக்கும். குட்டி போட்டால் அவருக்கு, பால் அவருக்கு. நெய் மட்டும் தவறக் கூடாது. கோயிலில் ஆடிய நானூறு பெண்களுக்கு வீடும் பங்கும் ஒதுக்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்தின் வருவாயாக ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுகூடக் கல்லில் இருக்கிறது. தச்சர், தையற்காரர், கணக்கர், வண்ணார், நாவிதர் எல்லோருக்கும் பங்கு உண்டு. கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை.

பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சுவரோரம் கொஞ்ச தூரம் நடந்து, இவ்வளவும் ஆடு மாட்டுக்கும் நெல்லுக்கும் எழுதிய கணக்கு என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் போதும். அரசாங்கம், கடன், வட்டி, அளவை என்று விவசாயியைச் சுற்றி நிற்கிற எல்லாமே ஆயிரம் வருடத்துக்கு முன்பும் இருந்தன என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் பதியும்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. வாசலில் நிற்கும் பிரம்மாண்டமான காவலர் சிற்பத்தின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையே அவ்வளவு சின்னது என்றால் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கிற சாமி எவ்வளவு பெரியவர் என்று அவர்களே யூகிக்கட்டும். பெரிய நந்தியையும் விடக் கூடாது. அது ராஜராஜன் வைத்தது அல்ல, பின்னால் வந்த நாயக்கர் காலத்தது. பிராகாரத்தில் கருவூர்த் தேவருக்கு ஒரு சன்னதி இருக்கிறது. வரும் வழியில் ரயில் நின்ற கரூர்தான் அந்தக் கருவூர். கொங்குப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

கோயிலிலிருந்து வெளியே வந்ததும் பக்கத்திலேயே ஒரு பெரிய கால்வாய் ஓடும். உள்ளூரில் புது ஆறு என்பார்கள். கல்லணைக் கால்வாய் என்பது அதன் பெயர். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1930-களில் வெட்டியது. அதில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். சில நாளைக்கு முன்னால் பள்ளிபாளையம் பாலத்துக்குக் கீழே போன தண்ணீர்தான் அது.

அரண்மனை: இரண்டை மட்டும்

இரண்டாம் நாள் காலையில் அரண்மனை. நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் கட்டிச் சேர்த்தது. மண்டபம், கோபுரம், தர்பார் என்று பல பகுதிகள் இருக்கின்றன. தனித்தனியாகச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஏறி இறங்கினால் முழங்காலும் தேயும், பணமும் தேயும். இரண்டு போதும்: கலைக்கூடமும் சரசுவதி மகாலும்.

கலைக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துக் களைத்துப்போக வேண்டாம். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் எது என்று கேட்டு, அதன் முன்னால் நின்றால் போதும். தலையில் பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை ஒய்யாரமாக மாற்றி வைத்துக்கொண்டு சிவன் நிற்கிறார். வலது கை எதன்மேலோ சாய்ந்திருக்கிறது. ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. அது காளை நின்ற இடம். காளை காணாமல் போய்விட்டது. ஆனாலும் காளை இருப்பதுபோலவே இருக்கிறது. மாட்டின் முதுகில் கை போட்டு நின்று பழகியவர்களுக்கு அந்தக் கையின் சாய்வை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரசுவதி மகால் நூலகத்தில் பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அதைப் பெரிதாக வளர்த்தார். மருத்துவம், குதிரை வளர்ப்பு, யானை வளர்ப்பு என்று எல்லாவற்றுக்கும் அங்கே சுவடி உண்டு. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது ஒரு சிறு காட்சிக்கூடம்தான். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அங்கேயே நூலகம் அச்சிட்ட புத்தகங்கள் விற்கிறார்கள். வாங்கிவந்தால் வீட்டில் இருக்கும். வார விடுமுறை நாளில் போய்க் கதவைப் பார்த்துத் திரும்பாமல், முதல் நாளே விடுதியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்லணை: திரும்பும் வழியில்

பலர் கல்லணையைப் பட்டியலில் கடைசியில் எழுதி, நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். விவசாயிகள் மட்டும் அப்படி விடக் கூடாது. வந்த வழியே ரயிலில் திரும்பாமல், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பேருந்திலோ வாடகை வண்டியிலோ கல்லணைக்கு வந்து, அங்கிருந்து திருச்சிக்குப் போய் ஊர் திரும்பினால் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை. கல்லணையிலிருந்து திருச்சி சுமார் 20 கிலோமீட்டர். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பேருந்து உண்டு. திருச்சியிலிருந்து இரவில் கரூர் வழியாகவோ நாமக்கல் வழியாகவோ ஊர் வந்து சேரலாம்.

கல்லணை கரிகாலன் கட்டியது என்பது வழிவழியாக வருகிற செய்தி. சுமார் ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு மேற்பட்டது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் மேட்டூர்போல ஒரு சுவரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவார்கள். அது தண்ணீரைத் தேக்குகிற அணை அல்ல. தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கிற அணை. மேட்டூர் 1934-ல் கட்டிய பெட்டி என்றால், கல்லணை அந்தப் பெட்டியிலிருந்து வருவதைப் பங்கு வைக்கிற கை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. முதல் மூன்றும் பாசனத்துக்கு. வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். மடையைத் திருப்பி வாய்க்கால் மாற்றிக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது புரியாத வேலை அல்ல. அளவுதான் பெரிது.

அடியில் இருக்கிற பழைய வேலையின் சூட்சுமம் வேறு. ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பெரும் பாறைகளை மணலில் போட்டு, அவை தாமாகவே கீழே இறங்கி நிலைத்த பிறகு மேலே மேலே போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதை இந்த அணையிலிருந்தே கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பிறகு அவர் கோதாவரியில் தவிளேசுவரத்தில் அணை கட்டினார். நாம் பார்க்கிற மதகுகளும் பாலமும் பிற்காலத்தவை. கரிகாலன் வேலை அவற்றுக்கு அடியில் இருக்கிறது.

இங்கே நிற்கும்போது பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு ஒன்று தோன்றாமல் போகாது. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கால்வாய்களுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 13 வரை தண்ணீர். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாசனம். டெல்டாவுக்கு வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்தால், மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும். அங்கிருந்து கடைமடைக்குப் போக இன்னும் பல நாள். ஜூனில் திறக்க முடியாத வருடத்தில் ஆழ்துளைக் கிணறு இல்லாதவர்களின் குறுவை போய்விடும். மேட்டூரில் எத்தனை அடி என்று நாம் செய்தித்தாளில் தேடுகிற அதே வரியைத்தான் அவர்களும் தேடுகிறார்கள்.

தண்ணீரின் அளவு மட்டும் அல்ல, தண்ணீர் எப்படி வருகிறது என்பதும் அவர்களுக்குக் கவலை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துச் சாயக்கழிவு ஆற்றில் கலக்கிறது என்ற புகார் பல வருடமாக இருக்கிறது. நம் ஊரில் அது கரையோரத்துச் சங்கதியாகத் தெரியும். கல்லணையில் நின்று, இந்த நாலு ஆறும் எத்தனை ஊருக்குக் குடிநீர், எத்தனை வயலுக்குப் பாய்ச்சல் என்று பார்த்தால் அது வேறு கணக்காகத் தெரியும். தஞ்சாவூர் போய்வருகிறவர்கள் கொண்டுவர வேண்டியதில் இந்த எண்ணமும் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. கல்லணையில் ஆற்றில் இறங்கக் கூடாது. மதகுகளுக்குக் கீழே சுழலும் பள்ளமும் உண்டு. பள்ளிபாளையத்தில் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அது பழகாத தண்ணீர்.

எப்போது போவது?

புது ஆற்றில் தண்ணீரும் வயலில் பயிரும் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஜனவரி வரை. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதன்பின் கால்வாய்கள் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் சுற்றுவது சிரமம். மார்கழிக் கடைசியும் தை மாதமும் நல்லது. வெயில் குறைவு, சம்பா கதிர் முற்றி நிற்கும்.

மாட்டுப் பொங்கல் அன்று பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி, பழங்களால் அலங்காரம் செய்வார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அன்று சொந்த மாட்டைக் கும்பிடாமல் ஊரைவிட்டுக் கிளம்ப எந்த வீட்டில் மனசு வரும்? அதற்கு அடுத்த வாரம் போவது சரி. பிரதோஷ நாளிலும், ஐப்பசி சதயத்தில் ராஜராஜன் பிறந்தநாள் விழாவின்போதும் கூட்டம் இருக்கும். நிதானமாகப் பார்க்க நினைக்கிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: வீட்டில் பெரியவர்களுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. ரயிலில் முன்பதிவு செய்து, நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய கோயிலில் மாலையில் புல்தரையோரம் உட்கார்ந்தே விமானத்தைப் பார்க்கலாம். கருவறைக்குப் போகும் படிகள் மட்டும்தான் ஏற வேண்டியது. அரண்மனையில் மாடி ஏறும் பகுதிகளை விட்டுவிடலாம். காலுறை ஒன்று கொண்டுபோனால் கல்தரைச் சூட்டுக்கு உதவும்.

கேள்வி: கறவை மாடுகளை விட்டுவிட்டு இரண்டு நாள் எப்படிப் போவது?

பதில்: பழகாத ஆள் கை வைத்தால் மாடு பாலை அடக்கும். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே கறக்கப் போகிறவரை ஒருவேளையாவது வரவழைத்துப் பழக்க வேண்டும். தீவனத்தை மாற்றக் கூடாது. கன்று ஈனும் நாள் நெருங்கிய மாடு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்று உதவி வாங்கினால், அவர் கிளம்பும்போது நாம் கறந்துகொடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் இதிலேயே சேர்க்க முடியுமா?

பதில்: 1922-ல் தொடங்கிய அந்த நிலையம் கும்பகோணம் தாண்டி இருக்கிறது. ஏ.டி.டி. என்ற எழுத்தோடு வரும் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. குடும்பத்தோடு போகும் இரண்டு நாளில் அதைச் சேர்க்க வேண்டாம். விவசாயிகள் குழுவாக, முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கிப் போனால்தான் வயலில் நின்று விளக்கம் கேட்க முடியும். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் அட்மா திட்டக் கண்டுணர்வுச் சுற்றுலா பற்றி விசாரிக்கலாம்.

கேள்வி: என்ன வாங்கி வரலாம்?

பதில்: பிள்ளைகளுக்குத் தலையாட்டி பொம்மை. விலை அதிகமில்லை, எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். தஞ்சாவூர் ஓவியமும் கலைத்தட்டும் வாங்க நினைத்தால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலை பார்த்துவிட்டு மற்ற கடைக்குப் போவது பாதுகாப்பு. தின்பதற்குத் திருவையாற்று அசோகா. பாசிப்பருப்பில் செய்வது, இரண்டு நாளைக்குள் தின்றுவிட வேண்டும்.

கேள்வி: ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால்?

பதில்: விடிகாலையில் கிளம்பித் திருச்சியில் இறங்கி முதலில் கல்லணை. அங்கிருந்து தஞ்சாவூர். நாலு மணிக்குப் பெரிய கோயில். இருட்டும் வரை அங்கேயே இருந்துவிட்டு இரவு வண்டி. அரண்மனையை விட்டுவிடலாம். அது அடுத்த முறைக்கு இருக்கட்டும்.